தக்காளிக்குத் தட்டுப்பாடு, முதலாளிக்கு இல்லை

2023 ஜூலையில் தில்லிச் சந்தையில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தொட்டுவிட்டு அதற்கு மேலும் ஏறியது. என்.சி.சி.எஃப். என்கிற கூட்டுறவு அமைப்பு ஜூலை 14 முதல் வேன்களில் தக்காளி ஏற்றி வந்து முதலில் 90 ரூபாய்க்கும், பிறகு 80க்கும், பிறகு 70க்கும் விற்றது. கார் வைத்திருப்பவர்களும் காரைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு வரிசைக்கு வந்தார்கள். அதே நாட்களில் தில்லி மெக்டொனால்ட்ஸ் கடைகளில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். தங்களுடைய கடுமையான தரப் பரிசோதனையில் தேறுகிற தக்காளி போதுமான அளவில் கிடைக்கவில்லையாம். விலை காரணமே இல்லையாம். கூலிக்காரர் வீட்டு ரசத்தில் தக்காளி காணாமல் போனால் அது வறுமை. கம்பெனி பர்கரில் காணாமல் போனால் அது தரக் கட்டுப்பாடு.

தில்லி விமான நிலைய முனையம் ஒன்றில் இருந்த சப்வே சாண்ட்விச் கடையும் தக்காளியை நிறுத்தியது. சாண்ட்விச்சுக்குள் சும்மா வைத்துக்கொண்டிருந்த சீஸ் துண்டும் நாடெங்கும் மாயமாயிற்று. இனிமேல் வேண்டுமென்றால் 30 ரூபாய் எடுத்துவை. இல்லையென்றால் சீஸ் மணக்கும் சாஸ் ஊற்றுகிறோம், அது இலவசம் என்றார்கள்.

அடுத்த மாதம், ஆகஸ்ட் 24 அன்று, அதே சப்வே விலைபோனது. வாங்கியது அமெரிக்காவில் அட்லாண்டாவைச் சேர்ந்த ரோர்க் கேப்பிட்டல் என்கிற முதலீட்டு நிறுவனம். தொகையை இரு தரப்பும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பத்திரிகைகள் எழுதியது சுமார் 960 கோடி டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 80,000 கோடி ரூபாய். ஒரு வில்லைத் தக்காளி வைக்க வக்கில்லாத கடைக்கு 80,000 கோடி.

திகைக்க வேண்டியதில்லை. தக்காளி வாங்குவது கடைக்காரர் தலைவலி. சப்வே தலைமையகம் தக்காளியும் வாங்காது, கடையும் வைக்காது. பெயர்ப் பலகையை மாட்டிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்துவிட்டு வாரா வாரம் கப்பம் வாங்கும். அமெரிக்கக் கடைக்காரர் விற்பனையில் 8 சதவீதம் ராயல்டி, 4.5 சதவீதம் விளம்பர நிதி, ஆக 12.5 சதவீதம் கட்டுகிறார். லாபத்தில் இல்லை ஐயா, விற்பனையில். கடைக்காரர் நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டே விற்றாலும், அந்த எட்டு சதவீதம் முழுகாமல் மேலே மிதந்து வரும். ரோர்க் வாங்கியது அந்த மிதப்பைத்தான். 2024 ஏப்ரலில் விற்பனை முடிந்தது. ஜூனில் கடைக்காரர்கள் இனிமேல் கட்டப்போகும் கப்பத்தை ஈடு காட்டி 335 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். இன்னும் சுடப்படாத ரொட்டி அடமானத்தில் இருக்கிறது. நம்மூரில் ஒரு விவசாயி அறுவடையாகாத நெல்லைக் காட்டிக் கடன் கேட்டால் வங்கி மேலாளர் பட்டா எங்கே, சிட்டா எங்கே, ஜாமீன் யார் என்று கேட்பார்.

ரோர்க் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அய்ன் ராண்ட் 1943-இல் எழுதிய 'த ஃபவுன்டன்ஹெட்' நாவலின் நாயகன் ஹோவர்ட் ரோர்க். கட்டடக் கலைஞன். தன் வரைபடத்தில் அடுத்தவன் கை வைத்துவிட்டான் என்பதற்காக, ஏழைகளுக்கென்று எழுப்பிய குடியிருப்பை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, நீதிமன்றத்தில் நீளமாகப் பேசி விடுதலையாகி வருகிறவன். இந்த மகானின் பெயரை வைத்துக்கொண்டவர்கள் டோனட் கடை, பிரெட்ஸல் கடை, கோழி இறக்கைக் கடை என்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குகிறார்கள். தன் வரைபடத்தில் ஒரு கோடு மாறினாலும் பொறுக்காதவன் பெயரால், ஒரு கடைக்காரர் தன் கடையில் ஒரு வெள்ளரித் துண்டைக் கூடுதலாக வைக்கக்கூட உரிமையில்லாத ஒப்பந்தம். ஏழைகளின் குடியிருப்பைத் தகர்க்கும் கலை தில்லிக்கும் தெரிந்ததுதான், அதற்கு நாவல் தேவைப்படுவதில்லை. 2025 ஜூன் 1 அன்று நிஜாமுதீன் பக்கம் பாராபுல்லா வடிகாலோரம் இருந்த மதராஸி கேம்ப்பில் சுமார் 370 வீடுகளை ஒரே நாளில் இடித்துப்போட்டார்கள், நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருந்த வீடுகள். அங்கே யாரும் நீதிமன்றத்தில் நீளமாகப் பேசி வெல்லவில்லை.

சரி, சாண்ட்விச்சுக்கு வருவோம்.

2001-இல் சப்வே இந்தியாவில் கால்வைத்தது தில்லியில்தான். இன்றைக்கு ஒரு தில்லிக் கடையில் நின்று, ஐயா இது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். ரொட்டியைப் பிளக்கும் பிள்ளைக்கு மேலே கடை நடத்துகிறவர். அவருக்கு மேலே எவர்சப் இந்தியா. அதற்கு மேலே கலினரி பிராண்ட்ஸ். அதற்கு மேலே எவர்ஸ்டோன் என்கிற சிங்கப்பூர் முதலீட்டுக் குழுமம். அதற்கு மேலே சப்வே. அதற்கும் மேலே ரோர்க். ஏழுநிலைக் கோபுரம். ஆறு நிலைகளில் சுதைப் பொம்மைகள் கைகட்டி, கால்மடக்கி, கண் உருட்டிக்கொண்டிருக்கின்றன. வாசலில் வியர்த்து நிற்கும் ஒருவனுக்கு மட்டும்தான் உயிர் இருக்கிறது.

2021 இறுதியில் எவர்ஸ்டோனோடு ஒப்பந்தம் போட்டபோது, இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் சேர்த்து பத்தாண்டுகளில் 2,000 கடைகள் என்று முழங்கினார்கள். ரிலையன்ஸ் வாங்கப்போகிறது என்றுகூட அந்த வருஷம் பத்திரிகைகளில் பேச்சு அடிபட்டது. அம்பானி வீட்டு அடுப்பங்கரைக்கு அது ஏனோ போய்ச் சேரவில்லை. எவர்ஸ்டோன் இந்த ஆட்டத்துக்குப் புதுசு இல்லை. பர்கர் கிங்கை இந்தியாவுக்குக் கூட்டி வந்ததும் அவர்கள்தான். 2020 டிசம்பரில், கொரோனாவில் நாட்டின் உணவகங்கள் பாதி இழுத்து மூடிக் கிடந்தபோது, நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த பர்கர் கிங் இந்தியா பங்குச் சந்தைக்கு வந்தது. 60 ரூபாய்ப் பங்கை மக்கள் நூற்றைம்பது மடங்குக்கு மேல் கேட்டு விண்ணப்பித்தார்கள். பர்கர் வாங்க ஆளில்லை, பர்கர் கம்பெனியை வாங்க அடிதடி. சாப்பிடுகிறவனைவிட, சாப்பிடப்போகிறான் என்று பந்தயம் கட்டுகிறவன் பெருகிவிட்ட தொழில் இது.

புதிய முதலாளி வந்தால் சப்வேக்கு என்ன ஆகும் என்று வியாபாரப் பத்திரிகைகள் விளக்கப்படம் போடுகின்றன. விளக்கப்படம் எதற்கு? தில்லிக்காரர்கள் ஒருமுறை இந்தப் படத்தை முழுநீளத்துக்கும் பார்த்தாயிற்று. அதன் பெயர் மெக்டொனால்ட்ஸ்.

1995-இல் மெக்டொனால்ட்ஸும் தொழிலதிபர் விக்ரம் பக்ஷியும் பாதிக்குப் பாதி என்று கூட்டுச் சேர்ந்து கன்னாட் பிளாசா ரெஸ்டாரன்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1996 அக்டோபரில் வசந்த் விஹார், பசந்த் லோக் சந்தையில் முதல் கடை. மாட்டிறைச்சி இல்லாத உலகின் முதல் மெக்டொனால்ட்ஸ் என்று பெருமை வேறு. திறந்த நாளில் தில்லி திரண்டு வரிசையில் நின்றது. பதினேழு வருஷம் தாம்பத்தியம். 2013 ஆகஸ்டில் பக்ஷியை நிர்வாக இயக்குநர் நாற்காலியிலிருந்து இறக்கினார்கள். அவர் கம்பெனி சட்ட வாரியத்துக்குப் போனார். இவர்கள் லண்டன் மத்தியஸ்த நீதிமன்றத்துக்குப் போனார்கள். விவாகரத்து வழக்கில் வக்கீல்கள் வீடு கட்டுவது எல்லா நாட்டிலும் உண்டு; இந்த வழக்கில் அவர்கள் காலனியே கட்டியிருப்பார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2017 ஜூன் 28. ஒரு போர்டு மீட்டிங், அதுவும் ஸ்கைப்பில். தில்லியில் இருந்த 55 மெக்டொனால்ட்ஸ் கடைகளில் 43 கடைகளை மறுநாளிலிருந்து மூடுவது என்று முடிவு. காரணம்? உணவகம் நடத்தும் உரிமங்கள் காலாவதியாகிவிட்டன, புதுப்பிக்கவில்லை. சுமார் 1,700 பேர் வேலை பார்த்த கடைகள். நாட்டின் தலைநகரத்தில், உலகின் பிரசித்தி பெற்ற சாப்பாட்டுக் கம்பெனி, இரண்டு முதலாளிகள் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாத காரணத்தால் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாமல், கணினித் திரையில் நாலு பேர் தலையாட்டி 43 ஷட்டர்களை இறக்கினார்கள். அந்த வெயிலில் சீருடையோடு வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பிய பையன்களை யாரும் ஸ்கைப்பில் கூப்பிடவில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. ஜூலையில் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் பக்ஷியைத் திரும்ப நாற்காலியில் உட்கார்த்தியது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரை நிர்வாகியாகவும் போட்டது. பர்கர் விவகாரத்தைப் பைசல் பண்ண உச்ச நீதிமன்ற அளவில் ஒரு மூளை தேவைப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 21-இல் மெக்டொனால்ட்ஸ் வடக்கிலும் கிழக்கிலும் இருந்த 169 கடைகளின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பதினைந்து நாளில் எங்கள் பெயரையும் சின்னத்தையும் இறக்கு என்றது. நாள் கடந்தது. ஒருவரும் இறக்கவில்லை. அனுமதியில்லாத மஞ்சள் வளைவுக்குக் கீழே அனுமதியில்லாத பர்கர் அமோகமாக விற்றது. செப்டம்பரில் லண்டன் தீர்ப்பு மெக்டொனால்ட்ஸ் பக்கம். டிசம்பரில் சரக்கு கொண்டுவரும் கம்பெனி கையை விரித்தது. 80க்கு மேற்பட்ட கடைகள் மறுபடியும் மூடின. அதற்கும் அடுத்த வருஷம் முழுதும் இழுபறி. 2019 மே மாதம் ஒருவழியாகச் சமரசம்: பக்ஷியின் பாதியை மெக்டொனால்ட்ஸே வாங்கிக்கொண்டது. எவ்வளவுக்கு என்பதைச் சொல்லவில்லை. நில்லுங்கள், எங்களுக்கு வரவேண்டிய 195 கோடி பாக்கி என்னாயிற்று என்று அரசு நிறுவனமான ஹட்கோ தீர்ப்பாயத்தில் கை தூக்கியது. அது இன்னொரு கிளைக்கதை. புதிய நிர்வாகம் வந்த கையோடு எல்லாக் கடைகளையும் பரிசோதனைக்காக மூடி, இரண்டு வாரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 2020 தொடக்கத்தில் கோகோ கோலா பாட்டில் நிரப்பும் எம்.எம்.ஜி. குழுமத்தின் சஞ்சீவ் அகர்வால் புதிய கூட்டாளியானார்.

ஆறரை ஆண்டு. இந்தக் காலத்தில் சட்டத்துக்கு இருந்த பொறுமையைப் பார்த்தீர்களா? வாரியம், தீர்ப்பாயம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், லண்டன். உரிமம் இல்லாமலும் ஒப்பந்தம் இல்லாமலும் நடந்த கடைக்காக ஒருவர் கையிலும் விலங்கு மாட்டவில்லை. மாட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அதே பொறுமையில் ஒரு கைப்பிடியை வேறு ஓரிடத்தில் தூவியிருக்கலாமே என்றுதான் வயிறு எரிகிறது.

2024 ஜூலை 1. பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்த முதல் நாள். வெள்ளைக்காரன் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டோம், இனிமேல் தண்டனை அல்ல நியாயம் என்று மேளம் கொட்டினார்கள். அந்த விடியலில் தில்லியில் முதல் எஃப்.ஐ.ஆர். யார் மேல் விழுந்தது? கொலைகாரன் மேலா, வங்கியை விழுங்கியவன் மேலா? புது தில்லி ரயில் நிலையத்தை ஒட்டிய நடைமேம்பாலத்துக்கு அடியில் தள்ளுவண்டியில் தண்ணீரும் பீடியும் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் மேல். பிரிவு 285, பொதுவழியில் இடையூறு. கமலா மார்க்கெட் போலீஸ் நிலையம். நாடு சிரித்ததும் உள்துறை அமைச்சர், இல்லை இல்லை, முதல் வழக்கு குவாலியரில் மோட்டார் சைக்கிள் திருட்டு என்றார். வண்டிக்காரர் வழக்கை மறு ஆய்வு செய்து கைவிட்டார்கள். சிரிக்காமல் விட்டிருந்தால் கைவிட்டிருப்பார்களா?

அந்த வண்டிக்காரர் காவலரிடம், “சாப், போர்டு மீட்டிங்கில் இருக்கிறேன், ஸ்கைப்பில் முடிவெடுத்துச் சொல்கிறேன்” என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். லண்டன் மத்தியஸ்தம் வரும்வரை வண்டியை நகர்த்த மாட்டேன் என்றிருந்தால்? வண்டி முதலில் போயிருக்கும், அடுத்து பல்.

தெருவோர வியாபாரிகளைக் காக்க நாடாளுமன்றம் 2014-இல் ஒரு சட்டமே போட்டது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதில் பளிச்சென்று எழுதியிருக்கிறது. தில்லியில் 'கமேட்டி' வண்டி, அதாவது மாநகராட்சி வண்டி, வருகிறது என்று ஒருவன் கத்தியவுடன், முட்டையும் பிரெட்டும் அடுப்புமாகத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் ஓடும் பிரெட் ஆம்லெட் கடைக்காரர்கள் யாரும் அந்தப் பக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. துரத்துகிறவர்களும் படிக்கவில்லை. 2023 செப்டம்பரில் ஜி20 விருந்தாளிகள் வந்தபோது நகரத்தைத் துடைத்ததில் இவர்களும் தூசியோடு தூசியாகப் போனார்கள். ஆனால் 2025 ஜூனில் ஒரு நல்ல காரியம் நடந்தது: உணவகங்களுக்கும் ஓட்டல்களுக்கும் உரிமம் கொடுக்கும் அதிகாரத்தைத் துணைநிலை ஆளுநர் தில்லி போலீஸிடமிருந்து எடுத்தார். தொழில் செய்வது எளிதாக வேண்டுமாம். ஆகட்டும். கண்ணாடிக் கதவு வைத்த தொழில் எளிதாயிற்று. நாலு சக்கரம் வைத்த தொழிலுக்கு லத்தி அப்படியே இருக்கிறது.

அந்த பிரெட் ஆம்லெட்காரரும் சாண்ட்விச்தான் விற்கிறார். ரொட்டியைப் பிளந்து நடுவில் ஒன்றை வைத்துக் கொடுப்பதற்கு உலகத்தில் வேறு பெயர் கிடையாது. முதல் போடுகிறவரும் அவரே, நிர்வாக இயக்குநரும் அவரே, பாத்திரம் கழுவுகிறவரும் அவரே. தக்காளி 200 ரூபாய் விற்றபோது அவர் பொடிசாக நறுக்கிப் போட்டார்; தரப் பரிசோதனை என்று நோட்டீஸ் ஒட்டவில்லை. சுகாதாரம் இல்லை, சாக்கடையோரம் நிற்கிறார் என்பீர்கள். உண்மை. சாக்கடையை அவர் தோண்டவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது என்ன என்பதும் நமக்குத் தெரியும்: 2016 மே மாதம் தில்லியில் இயங்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் இந்த நகரத்து ரொட்டி, பன், பீட்சா, பர்கர் ரொட்டி என 38 மாதிரிகளை ஆய்ந்ததில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்தது. புற்றுநோய் அச்சம் காரணமாகப் பல நாடுகள் புரோமேட்டை முன்பே விலக்கிவிட்டன. கம்பெனிகள் வழக்கம்போல மறுத்தன. அடுத்த மாதமே அரசு புரோமேட்டைத் தடை செய்தது. ஒரு கமேட்டி வண்டியும் எந்தத் தொழிற்சாலை வாசலுக்கும் போய் அடுப்பைத் தூக்கி வரவில்லை.

சப்வேயின் ரொட்டிக்கு வேறொரு கீர்த்தி உண்டு. 2020-இல் அயர்லாந்தின் உச்ச நீதிமன்றம் அது சட்டப்படி ரொட்டியே இல்லை என்று சொல்லிவிட்டது. அங்கே வரிச்சலுகை பெறும் ரொட்டியில் மாவின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. இதில் 10 சதவீதம். அதற்கு முன்னால் 2013-இல், ஓரடி நீளம் என்று விற்ற சாண்ட்விச்சை ஆஸ்திரேலியாவில் ஒருவர் அளவுகோல் வைத்துப் படமெடுத்துப் போட்டார். பதினோரு அங்குலம்தான் இருந்தது. கம்பெனியின் முதல் பதில் என்ன தெரியுமா? ஃபுட்லாங் என்பது வணிகப் பெயர், நீளத்தைக் குறிப்பது அல்ல! ஆஹா. தில்லி ஐ.என்.ஏ. சந்தையில் ஒரு காய்கறிக்காரர், கிலோ என்பது என் வணிகப் பெயர், எடையைக் குறிப்பது அல்ல என்று எடையளவு ஆய்வாளரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

ஆகவே, புதிய முதலாளியின் கீழ் சாண்ட்விச்சில் மிச்சம் என்ன இருக்கும் என்று கணக்குப் பார்த்தால், ரொட்டியை அயர்லாந்து நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. நீளத்தை வணிகச் சின்னச் சட்டம் எடுத்துக்கொண்டது. தக்காளியைப் பருவமழை எடுத்துக்கொண்டது. சீஸை 30 ரூபாய் எடுத்துக்கொண்டது. மீதி சாஸும் பெயர்ப் பலகையும். பலகையை அடமானம் வைத்திருக்கிறார்கள். ஆக, சாஸ்.

1965-இல் இப்படித் தொடங்கவில்லை. கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லாத பதினேழு வயதுப் பையன் ஃபிரெட் டிலூகா; குடும்ப நண்பரான அணு இயற்பியலாளர் பீட்டர் பக் கொடுத்த ஆயிரம் டாலர்; கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் ஒரு கடை. கிட்டத்தட்ட ஒரு தள்ளுவண்டிக் கதை. டிலூகாவை எந்த கமேட்டியும் துரத்தவில்லை, அதனால் அது கம்பெனியாயிற்று. ஆனால் அவர்கள் காலத்திலேயே கப்பத்துக்காகக் கடைமேல் கடையாகத் திறந்தார்கள், ஒரு கடைக்காரரின் வாடிக்கையாளரைப் பக்கத்துத் தெருவில் இன்னொரு கடைக்காரர் தட்டிப் பறிக்கும் அளவுக்கு. டிலூகா இறந்த 2015 வாக்கில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 27,000 கடைகள். 2024 முடிவில் 20,000-க்கும் கீழே. மூடிய ஒவ்வொரு கடையிலும் ஒரு குடும்பத்தின் சேமிப்பு போயிருக்கிறது. அந்தக் குடும்பங்களில் நம்மவர்களும் நிறைய, அமெரிக்காவில் சப்வே நடத்தும் குஜராத்திகளையும் பஞ்சாபிகளையும் தெரியாதவர் யார்? ஆயிரக்கணக்கில் கடை செத்த பிறகும் 80,000 கோடி விலை. சவ ஊர்வலத்தில் கூட்டம் அதிகம் என்று ஊர்வலத்தையே ஏலம் விடுகிறார்கள்.

இப்போது அந்தக் கோபுரத்தின் அடிநிலைக்கு வருகிறேன். ரொட்டியைப் பிளந்து, கீரையை அள்ளி, சாஸை வளைத்து ஊற்றும் அந்தப் பிள்ளைக்குச் சப்வே வைத்திருக்கும் பதவிப் பெயர் 'சாண்ட்விச் ஆர்ட்டிஸ்ட்'. கலைஞர்! பட்டம் கொடுத்தால் சம்பளம் கேட்க மாட்டான் என்பது அரண்மனைக் காலத்துத் தந்திரம். புலவருக்காவது பொன்முடிப்பு கொடுத்தார்கள்.

2025 ஏப்ரல் முதல் தில்லி அரசு நிர்ணயித்த, பயிற்சி பெறாத தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி 18,456 ரூபாய். அதை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம், இது அங்கதக் கட்டுரை, கற்பனைக்கு இடம் உண்டு. வருஷத்துக்கு 2,21,472. அந்தக் கலைஞர் சாப்பிடாமல், முனிர்காவில் நாலு பேரோடு பகிர்ந்துகொள்ளும் அறைக்கு வாடகை கொடுக்காமல், மெட்ரோவுக்கு டிக்கெட் எடுக்காமல், பீகாருக்கோ விழுப்புரத்துக்கோ அம்மாவுக்குப் பணம் அனுப்பாமல் மொத்தத்தையும் சேர்த்து வைத்தால், தான் வேலை பார்க்கும் கம்பெனியை ரோர்க் கொடுத்த விலைக்கு வாங்க ஏறத்தாழ 36 லட்சம் வருஷம் ஆகும். நம் பஞ்சாங்கப்படி நான்கு யுகமும் சேர்ந்து 43,20,000 வருஷம். கிருத யுகத்தில் ரொட்டி வெட்ட ஆரம்பித்தால் துவாபர யுகம் முடிவதற்குள் சப்வேயை வாங்கிவிடலாம். கலி பிறப்பதற்கு முன்னாலேயே முதலாளி. யார் சொன்னது உழைத்தால் முன்னேற முடியாதென்று?

தனியார் முதலீட்டு நிதி எதையும் வைத்துக் கொண்டாடுவதற்காக வாங்குவதில்லை. சில வருஷங்களில் கொழுக்கவைத்து இன்னொருவன் தலையில் கட்டுவதே தொழில். எவர்ஸ்டோனின் பத்தாண்டுத் திட்டத்துக்கு 2031-இல் வயது முடிகிறது. அதற்கு முன்போ பின்போ ஒரு நாள் மறுபடியும் விலை பேசுவார்கள். மறுபடியும் தொகையைச் சொல்ல மாட்டார்கள். ரொட்டிக்குப் புதிதாக ஒரு பெயர், சீருடைக்குப் புதிதாக ஒரு பச்சை, கடைக்குள் நுழைந்ததும் சொல்ல வேண்டிய வணக்கத்துக்குப் புதிதாக ஒரு வாக்கியம் வரும். பழைய சம்பள பாக்கி பழைய நிர்வாகத்தின் பொறுப்பு என்று ஒரு மின்னஞ்சலும் வரலாம். 43 கடை மூடிய அந்த ஜூன் மாதத்தில் இருந்தவர்களைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள்.

அதனால், தம்பி, கண்ணாடிக்குப் பின்னால் கையுறையோடு நிற்கிற தம்பி, நீ ரோர்க்கையும் எவர்ஸ்டோனையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த தேதி போட்ட கடிதத்தைப் போட்டோ எடுத்து ஊரில் அக்காவுக்கு அனுப்பி வை. பி.எஃப். பிடித்தார்களா, கட்டினார்களா என்று மாதா மாதம் கைப்பேசியில் பார். பி.எஃப். எண்ணை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள். ஷட்டர் இறங்குகிற அன்றைக்கு மேலே இருக்கிற ஆறு நிலையிலும் ஒருவரும் போனை எடுக்க மாட்டார்கள்.